செவ்வாயில் ஈரப்பதம் 70%: அந்த எண்ணை நம்பலாமா?

(ஆடியோவில் பேசியதன் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

இந்த எபிசோடை ஒரு டப்பாவிலிருந்து ஆரம்பிக்கிறேன். என்னிடம் ஒரு பழைய கேமரா இருக்கு. லென்ஸில் பூஞ்சை பிடிச்சிடக் கூடாதுன்னு, சிலிக்கா ஜெல் பாக்கெட் போட்டு, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் வைத்திருக்கிறேன். உள்ளே ஈரப்பதம் எவ்வளவு என்று காட்ட ஒரு குட்டி டிஜிட்டல் மீட்டர். ரொம்ப நாளாக அது 48 என்றே காட்டிக்கொண்டிருந்தது. மழை பெய்தாலும் 48, வெயிலடித்தாலும் 48. சந்தேகம் வந்து இன்னொரு மீட்டர் வாங்கிப் பக்கத்தில் வைத்தேன். அது 57 என்றது. ஒரே டப்பா, ஒரே காற்று, இரண்டு எண். எதை நம்புறது? நண்பனிடம் கேட்டால், "மூணாவதா ஒண்ணு வாங்கு மச்சி, எந்தப் பக்கம் மெஜாரிட்டின்னு பாப்போம்" என்கிறான்.

சிரிக்காதீங்க. அவன் சொன்னது அவ்வளவு மோசமான யோசனை இல்லை. ஏன் என்று கொஞ்ச நேரத்தில் சொல்கிறேன்.

என் பிரச்சினைக்கு எளிய தீர்வு இருக்கிறது. மீட்டரைக் கையில் எடுக்கலாம், பேட்டரியை மாற்றலாம், இன்னொன்றோடு ஒப்பிடலாம். இப்போது அதே மீட்டர் செவ்வாய் கிரகத்தில் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை அங்கே இறங்கிவிட்டால் அதைத் தொட ஆளில்லை. அது 70 என்றால் 70. அந்த எண்ணை வைத்துத்தான் "செவ்வாயில் திரவ நீர்" என்று செய்தித்தாள்களில் தலைப்பு வருகிறது, வந்தும் இருக்கிறது. அதனால் இன்றைய பேச்சு செவ்வாயின் வானிலை பற்றி என்றாலும், உண்மையில் ஒரே ஒரு சென்சாரைப் பற்றி.

அந்த சென்சார் இருக்கும் இடம் கியூரியாசிட்டி ரோவர். 2012 ஆகஸ்டில் கேல் என்ற பெரிய விண்கல் பள்ளத்துக்குள் இறங்கியது. கார் அளவு வண்டி. அதன் மேல் நிற்கும் கம்பத்தில், ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரத்தில், இரண்டு சின்னக் கைகள் நீட்டிக்கொண்டிருக்கும், பென்சில் மாதிரி. அதுதான் வானிலை நிலையம். பெயர் ரெம்ஸ். ஸ்பெயினின் வானுயிரியல் மையம் பொறுப்பேற்றுச் செய்தது. காற்றின் வேகம், காற்றின் வெப்பநிலை, தரையின் வெப்பநிலை, புற ஊதாக் கதிர், காற்றழுத்தம், ஈரப்பதம் என்று ஆறையும் பார்க்கும். அழுத்தத்தையும் ஈரப்பதத்தையும் பார்க்கும் கருவிகள் மட்டும் பின்லாந்து வானிலை ஆய்வு நிறுவனத்திலிருந்து வந்தவை.

ஏன் பின்லாந்து? அங்கே வைசாலா என்று ஒரு கம்பெனி இருக்கிறது. பலூனில் கட்டி வானத்துக்கு அனுப்பும் வானிலைக் கருவிகளை 1930-களிலிருந்து செய்கிறவர்கள். 1973-இல் அவர்கள் ஹியூமிகேப் என்று ஒரு ஈரப்பத சென்சாரைக் கொண்டுவந்தார்கள். வேலை செய்யும் விதம் எளிமையானது. இரண்டு மின்முனைகளுக்கு நடுவே மெல்லிய பாலிமர் படலம். காற்றிலிருக்கும் நீர் மூலக்கூறுகள் அந்தப் படலத்துக்குள் நுழையும், வெளியே வரும். எவ்வளவு நுழைந்திருக்கிறதோ அதற்கேற்ப அதன் கெப்பாசிட்டன்ஸ் மாறும். அதை அளந்தால் ஈரப்பதம் தெரியும். உங்கள் வீட்டு டிஜிட்டல் மீட்டருக்குள் இருப்பதும் பெரும்பாலும் இந்த மாதிரி ஒன்றுதான். அதன் தூரத்து உறவு ஒன்று செவ்வாயில் இருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் அந்த உறவு அங்கே போய்ச் சேர்ந்த கதை லேசானது இல்லை. 1996 நவம்பரில் ரஷ்யாவின் மார்ஸ் 96 விண்கலம் கிளம்பியது. அதில் இருந்த சிறிய தரையிறங்கு நிலையங்களில் பின்லாந்துக்காரர்களின் வானிலைக் கருவிகள் இருந்தன. ராக்கெட்டின் கடைசிக் கட்டம் சரியாக வேலை செய்யவில்லை, எல்லாம் பூமியிலேயே விழுந்துவிட்டது. பிறகு 2016-இல் ஐரோப்பாவின் ஸ்கியாப்பரெல்லி கலம். அதிலும் அவர்களுடைய ஈரப்பத சென்சார் இருந்தது. செவ்வாய்த் தரையில் மோதி நொறுங்கியது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் 2012-இல் கியூரியாசிட்டி பத்திரமாக இறங்கியது.

அதுகூட முழுப் பத்திரம் இல்லை. இறங்கும்போது ராக்கெட் எஞ்சின்கள் கிளப்பிய சின்னக் கற்கள் பட்டிருக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள்: ஒரு கையில் இருந்த காற்று சென்சார் முதல் நாளே செத்துவிட்டது. ஈரப்பத சென்சார் இருந்தது இன்னொரு கையில். அதிர்ஷ்டம்னுதான் சொல்லணும்.

சரி, இப்போ அந்த 70 சதவீதத்துக்கு வருவோம்.

கேல் பள்ளத்தில் குளிர்காலத்தில், விடியலுக்கு முந்தைய நேரத்தில், சார்பு ஈரப்பதம் 70% வரை போகும். இதைக் கேட்டதும் கடற்கரை ஊர்க்காரர்கள் எல்லோரும் "அட, நம்ம ஊர் மாதிரிதானா" என்பார்கள். இல்லை. அந்த வார்த்தையிலேயே கொக்கி இருக்கிறது: 'சார்பு'. அந்த வெப்பநிலையில் அதிகபட்சம் எவ்வளவு நீராவி இருக்க முடியுமோ, அதில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்பதுதான் அந்த எண். அதிகபட்சமே துளியளவு என்றால், 70% என்பதும் துளியில் 70%தான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 30 டிகிரி செல்சியஸ் வெப்பம், 70% ஈரப்பதம் என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 21 கிராம் நீராவி இருக்கும். ஒரு பெரிய அலமாரி அளவு காற்றில் ஒன்றரை மேசைக்கரண்டித் தண்ணீர். செவ்வாயில் மைனஸ் 80 டிகிரியில் அதே 70% என்றால்? ஒரு கன மீட்டருக்கு அரை மில்லிகிராம்கூட இல்லை. ஏறத்தாழ ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. செவ்வாயின் தரையிலிருந்து வானம் வரைக்கும் உள்ள மொத்த நீராவியையும் பிழிந்து தரையில் ஊற்றினால், பெரும்பாலான இடங்களில் ஒரு தலைமுடியின் தடிமன்கூட வராது. சில பத்து மைக்ரோமீட்டர்தான், பல இடங்களில் அதற்கும் குறைவு.

பகலில் என்ன ஆகும்? அதே கேல் பள்ளத்தில் மதியம் காற்றின் வெப்பநிலை மைனஸ் 10 வரைக்கும், சில நாள் அதற்கு மேலும் ஏறும். நீராவி கிட்டத்தட்ட அதே அளவில் இருக்கும், ஆனால் அதிகபட்ச வரம்பு ஆயிரக்கணக்கான மடங்கு கூடிவிடும். அதனால் சார்பு ஈரப்பதம் ஒரு சதவீதத்தின் சின்னப் பங்காகச் சுருங்கிவிடும். சென்சாருக்கோ ஒன்றிரண்டு சதவீதத் துல்லியம்தான். அப்போ மதியம் அது காட்டும் எண்ணுக்கு அர்த்தமே இல்லை. ஆய்வாளர்களும் அதை ஒத்துக்கொண்டு, 5 சதவீதத்துக்குக் கீழே போன அளவுகளை வைத்து நீராவியின் அளவைக் கணக்கிடுவதில்லை. கருவி நாள் முழுக்க முழித்திருக்கும். ஆனால் அதன் பேச்சைக் கேட்பது ராத்திரியில் மட்டும்தான்.

இப்போதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. இதற்காகத்தான் இந்த எபிசோடே.

எந்த எலக்ட்ரானிக் கருவியாக இருந்தாலும், கரண்ட் போனால் சூடாகும். உங்கள் போன் மாதிரி. ஈரப்பத சென்சாரும் அப்படித்தான், துளிதான் சூடாகும், ஆனாலும் சூடாகும். பூமியில் அது பெரிய விஷயம் இல்லை, அடர்த்தியான காற்று அந்தச் சூட்டை இழுத்துக்கொண்டு போய்விடும். செவ்வாயின் காற்றழுத்தம் நம்முடையதில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. சூட்டை எடுத்துக்கொண்டு போக ஆளில்லை. சென்சார் தன் சூட்டிலேயே உட்கார்ந்திருக்கும்.

அதனால் என்ன? மைனஸ் 80 டிகிரியில், சென்சார் காற்றைவிட ஒரே ஒரு டிகிரி அதிகமாக இருந்தால், உண்மையான 70% என்பது 60% என்று தெரியும். ஐந்து டிகிரி அதிகமாக இருந்தால் 30-ஐ ஒட்டி இறங்கிவிடும். ஆக, ஈரத்தை அளக்கப் போன கருவி, அளக்கிற செயலாலேயே தன்னைச் சுற்றி ஒரு குட்டிப் பாலைவனத்தை உண்டாக்கிவிடுகிறது.

இதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழி என்ன தெரியுமா? ஆன் பண்ணின உடனே வரும் முதல் சில விநாடிகளின் அளவை மட்டும் எடுத்துக்கொள்வது. ரெம்ஸ் வழக்கமாக ஒவ்வொரு மணி நேரத்தின் ஆரம்பத்திலும் ஐந்து நிமிடம் வேலை செய்யும், விநாடிக்கு ஒரு அளவு. அந்த முந்நூறு அளவுகளில், ஈரப்பதத்தைப் பொறுத்தவரை மிக நம்பகமானவை முதல் நான்கு மட்டும். மிச்சமெல்லாம் கருவியின் சொந்தச் சூடு கலந்தவை. பிறகு தனியாக ஒரு முறையும் வைத்தார்கள்: கொஞ்ச நேரம் ஆன், உடனே ஆஃப், ஆற விடு, மறுபடி ஆன். தூங்குகிற குழந்தைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று, எழுப்பாமல் தொட்டுப் பார்க்கிற மாதிரி.

இன்னும் சிக்கல் இருக்கு. குளிர் கூடக்கூட அந்தப் பாலிமர் படலத்துக்குள் நீர் மூலக்கூறுகள் நுழைவதும் வெளியேறுவதும் மெதுவாகிவிடும். அதாவது காற்று மாறியதை சென்சார் தாமதமாகத்தான் கவனிக்கும். பூமிக் காற்றில் செய்த அளவுதிருத்தமும் கார்பன் டை ஆக்சைடு நிரம்பிய மெல்லிய காற்றில் அப்படியே செல்லாது. கூடவே ரோவர் ஓடுவது புளூட்டோனியத்தின் வெப்பத்தில். வண்டியே ஒரு நடமாடும் அடுப்பு. காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறதோ, அதைப் பொறுத்து அந்தச் சூடும் கம்பத்தின் பக்கம் வரலாம். எந்தப் பக்கம் அடிக்கிறது என்று சொல்லவேண்டிய காற்று சென்சாரில் ஒன்றுதான் முதல் நாளே செத்துவிட்டதே!

அதனால்தான் பின்லாந்துக்காரர்கள் அந்தப் பெட்டிக்குள் ஒரு ஹியூமிகேப் வைக்கவில்லை. மூன்று வைத்தார்கள். என் நண்பனிடம் இதைச் சொன்னபோது அவன் முகத்தைப் பார்த்திருக்கணும் நீங்க.

(சிரிப்பு)

மூன்றும் ஒன்றுபோல் தவறு செய்தால்? அங்கே மெஜாரிட்டி உதவாது. அதற்காகத்தான் செவ்வாய்க்குப் போன கருவியின் இரட்டையர் ஒன்றைப் பூமியில் வைத்திருப்பார்கள். அறைக்குள் செவ்வாயின் அழுத்தம், குளிர், கார்பன் டை ஆக்சைடு எல்லாவற்றையும் உண்டாக்கி, இரட்டையரை உள்ளே வைத்து, "இவ்வளவு ஈரம் கொடுத்தால் நீ என்ன எண் சொல்கிறாய்" என்று கேட்பார்கள். இது சும்மா சடங்கு இல்லை. பீனிக்ஸ் கதையைக் கேளுங்கள்.

2008 மே மாதம் பீனிக்ஸ் என்ற கலம் செவ்வாயின் வட துருவத்துக்குப் பக்கத்தில் இறங்கியது. ஐந்து மாதம்தான் வாழ்ந்தது. ஆனால் அழகான வேலைகள் செய்தது. கனடா கொடுத்த லேசர் கருவி வானத்தைப் பார்த்து, மேகங்களிலிருந்து பனி விழுவதைக் கண்டது, தரையைத் தொடும் முன்பே அது ஆவியாகிக்கொண்டிருந்தது. டென்மார்க்கின் ஆர்ஹூஸ் பல்கலைக்கழகம் செய்த காற்றுக்காட்டி என்னவென்றால், ஒரு குட்டிக் குழாயைத் தொங்கவிட்டுப் படம் எடுப்பது. அது எந்தப் பக்கம் சாய்கிறதோ, எவ்வளவு சாய்கிறதோ, அதுதான் காற்று. நம்ம கொடியில் காயப்போட்ட துண்டைப் பார்த்துக் காற்று சொல்வதுபோல. கலத்தின் ரோபோக் கையில் ஒரு ஈரப்பத சென்சாரும் இருந்தது. செவ்வாய்த் தரையில் ஈரப்பதத்தை நேரடியாக அளந்த முதல் கருவி அது.

பிரச்சினை எங்கே வந்தது என்றால், கலம் கிளம்பும் முன் அந்த சென்சாரைச் சோதித்த நிலைமைகளும், அங்கே அது உண்மையில் சந்தித்த நிலைமைகளும் முழுதாக ஒத்துப்போகவில்லை. கலம் இறந்து பத்து வருடம் கழித்து, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில், அதே வடிவமைப்பில் பூமியில் மிஞ்சியிருந்த கருவியை எடுத்து, செவ்வாயைப் போன்ற அறைக்குள் வைத்து, மறுபடி அளவுதிருத்தம் செய்தார்கள். 2019-இல் பழைய அளவுகளுக்குப் புதிய எண்கள் வந்தன. அந்தப் புதிய எண்களின்படி இரவில் காற்று செறிவுநிலையை எட்டியிருந்தது, லேசர் பார்த்த மூடுபனியோடு அது ஒத்துப்போனது. யோசிச்சுப் பாருங்க, கருவி அங்கே செத்துக் கிடக்கிறது. அது பத்து வருடம் முன்பு சொன்னதை, இங்கே இருக்கும் அதன் தம்பியிடம் விசாரித்துத் திருத்தி எழுதுகிறார்கள்.

ஈரப்பத சென்சாரே இல்லாமலும் ஈரத்தைப் பிடிக்க முயன்றவர்கள் இருக்கிறார்கள். 1976-இல் வைக்கிங் 1, வைக்கிங் 2 இறங்கியபோது அவற்றில் வெப்பமானி, காற்றுமானி, அழுத்தமானி இருந்தன, ஈரப்பதமானி இல்லை. மேலே சுற்றிக்கொண்டிருந்த வைக்கிங் சுற்றுக்கலங்கள்தான் நீராவியைப் பார்த்தன. ஆனால் தரையில் எவ்வளவு என்று தெரிய வேண்டுமே? சிலர் இரவு வெப்பநிலை வரைபடத்தை உற்றுப் பார்த்தார்கள். சூரியன் மறைந்ததும் வெப்பநிலை சீராக இறங்கிக்கொண்டே வரும். ஓரிடத்தில் இறங்கும் வேகம் லேசாக மாறுகிறது. காற்றிலிருந்த நீராவி அங்கேதான் உறைய ஆரம்பித்திருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். குளிர்ந்த தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் டம்ளரின் வெளியே வியர்ப்பது எந்த வெப்பநிலையில் என்று தெரிந்தால், அறையில் எவ்வளவு ஈரம் என்று சொல்லிவிடலாம் அல்லவா, அதே தர்க்கம். டம்ளருக்குப் பதில் அங்கே ஒரு முழு இரவு. அந்த ஆய்வுக் கட்டுரையின் தலைப்பிலேயே ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்கள். எனக்கு அந்தக் கேள்விக்குறி மேல் தனி மரியாதை.

இப்போ, 2015. கேள்விக்குறி இல்லாமல் போன கதை.

செவ்வாய் மண்ணில் பெர்குளோரேட் என்ற உப்புகள் இருக்கின்றன. பீனிக்ஸ்தான் முதலில் கண்டது, கேலிலும் இருப்பது தெரிந்தது. இந்த உப்புகளுக்கு ஈரத்தின் மேல் பயங்கர ஆசை. மழைக்காலத்தில் கல்லுப்பு ஜாடிக்குள் நீர் விட்டுக் கிடக்குமே, அதே குணம், பல மடங்கு. கால்சியம் பெர்குளோரேட் கரைசல் மைனஸ் 75 டிகிரி வரைக்கும் உறையாமல் திரவமாக இருக்கும். ரெம்ஸ் அளவுகளை வைத்து ஒரு குழு 2015 ஏப்ரலில் ஒரு கட்டுரை வெளியிட்டது: கேல் பள்ளத்தின் இரவு ஈரப்பதமும் வெப்பநிலையும், மேல்மண்ணில் இந்த உப்பு ஈரத்தை உறிஞ்சி, தற்காலிகமாக உப்புக் கரைசலாக மாற ஏற்ற நிலையில் இருக்கின்றன, விடிந்ததும் அது காய்ந்துவிடும் என்று. கவனியுங்கள், 'ஏற்ற நிலை'. யாரும் திரவத்தைப் பார்க்கவில்லை. கட்டுரையும் பார்த்ததாகச் சொல்லவில்லை. அந்தக் குளிரில் நமக்குத் தெரிந்த எந்த உயிரும் இயங்காது என்றும் சொல்லியிருந்தார்கள். செய்தித் தலைப்புகளில் வந்தது "செவ்வாயில் திரவ நீர்".

அந்த முடிவுக்குப் போன பாதையைப் பாருங்கள். சென்சார் ஒன்றரை மீட்டர் உயரத்தில் அளக்கிறது. உப்பு இருப்பது மண்ணில். ஆகவே தரையின் வெப்பநிலையை அகச்சிவப்பு சென்சாரால் எடுத்து, "அதே நீராவி தரையிலும் இருந்தால் அங்கே ஈரப்பதம் எவ்வளவு" என்று கணக்கிட வேண்டும். பிறகு மண்ணுக்கு அடியில் எப்படி என்று மாடல் போட வேண்டும். ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் பிழை சேரும். ஒரு டிகிரிக்குப் பத்து சதவீதம் மாறும் உலகம் அது என்று இப்போதுதானே பார்த்தோம். 2018-இல் வேறொரு குழு அதே கேல் பள்ளத்தின் அளவுகளை மறுபடி அலசி, அங்கே தரைப்பரப்பில் இந்த வழியில் கால்சியம் பெர்குளோரேட் திரவமாவதற்கு நிலைமை சாதகமாக இல்லை என்ற முடிவுக்கு வந்தது. ஈரம் போதும் அளவு கூடும் நேரத்தில் குளிர் அதிகம், குளிர் குறையும் நேரத்தில் ஈரம் போதவில்லை.

என் கருத்தைக் கேட்டால், இரண்டாவது குழுவின் பக்கம்தான் சாய்வேன். ஆனால் முதல் குழு தப்பு செய்தது என்று சொல்ல மாட்டேன். எண்ணை வைத்து எவ்வளவு தூரம் போகலாமோ அதன் எல்லை வரைக்கும் போனார்கள், அவ்வளவுதான். எல்லை தாண்டியது தலைப்பு எழுதியவர்கள்.

இது வெறும் அறிவியல் சண்டை மட்டும் இல்லை. இதில் ஒரு விதிமுறையும் சம்பந்தப்பட்டிருக்கிறது. பூமியிலிருந்து போகும் ரோவரில் எவ்வளவு சுத்தப்படுத்தினாலும் சில நுண்ணுயிர்கள் ஒட்டிக்கொண்டு போகும். அவை செவ்வாயில் எங்காவது பெருகக்கூடிய இடம் இருந்தால், அதைச் 'சிறப்புப் பகுதி' என்று கருத வேண்டும், சாதாரண ரோவர் அங்கே போகக் கூடாது. கோஸ்பார் என்ற சர்வதேச விண்வெளி ஆய்வுக் குழு அதற்கு எல்லை வைத்திருக்கிறது: வெப்பநிலை மைனஸ் 28 டிகிரிக்கு மேல், நீர்ச் செயல்திறன் 0.5-க்கு மேல். நீர்ச் செயல்திறன் என்பது பெரிய வார்த்தை மாதிரி தெரியும். ஈரப்பத சதவீதத்தை நூறால் வகுத்தால் கிட்டத்தட்ட அதுதான். கேல் பள்ளத்தில் இரவு ஈரப்பதம் 50% தாண்டுகிறது, அப்போது குளிர் மைனஸ் 70-க்குக் கீழே. பகலில் மைனஸ் 28-ஐத் தாண்டுகிறது, அப்போது ஈரம் ஒன்றுமே இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் சந்திப்பதே இல்லை, ஷிஃப்ட் மாறி வேலைக்குப் போகும் கணவன் மனைவி மாதிரி. இப்படி உறுதியாகச் சொல்ல முடிவதே அந்த முதல் நான்கு விநாடிகளால்தான்.

2021 பிப்ரவரியில் பெர்சிவியரன்ஸ் ரோவர் ஜெசிரோ பள்ளத்தில் இறங்கியது. அதிலும் ஸ்பெயின் செய்த வானிலை நிலையம், அதிலும் பின்லாந்தின் ஈரப்பத சென்சார், பழைய அனுபவத்தில் திருத்திச் செய்தது. காற்று சென்சார்களையும் இந்த முறை கூடுதல் பாதுகாப்போடு வைத்தார்கள். இறங்கும்போது தப்பித்துவிட்டன. 2022 ஜனவரியில் ஒரு தூசிப் புயல் வந்தது. காற்று தூக்கி எறிந்த சின்னக் கற்கள் பட்டு அவையும் சேதமாயின. எதை அளக்கப் போனதோ அதுவே வந்து அடித்துவிட்டது.

இங்கே ஒரு சின்ன விளக்கம், ஏனென்றால் 'தி மார்ஷியன்' படம் பார்த்தவர்கள் கேட்பீர்கள். படத்தில் வரும் புயல் ராக்கெட்டையே சாய்க்கும். உண்மையில் செவ்வாயில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகக் காற்று நம் மேல் பட்டால், இங்கே மணிக்கு 13 கிலோமீட்டர் காற்று படுவது போலத்தான் இருக்கும். பேன் காற்று. நாவலாசிரியர் ஆண்டி வியரே அது கதைக்காகச் செய்தது என்று ஒத்துக்கொண்டவர். ஆனால் அந்த மெல்லிய காற்றே சின்னக் கல்லை உருட்டி, மெல்லிய சென்சார்ப் பலகையை உடைக்கும். தூசியைக் கிளப்பி சூரியனை மறைக்கும். 2018-இல் கிரகம் முழுக்கப் பரவிய தூசிப் புயலில், சூரிய ஒளியை நம்பியிருந்த ஆப்பர்சூனிட்டி ரோவர் ஜூன் 10-ஆம் தேதி கடைசியாகப் பேசியது, பிறகு எழவே இல்லை. கியூரியாசிட்டிக்குச் சொந்த அடுப்பு இருப்பதால் அது அந்தப் புயலின் நடுவிலும் மணிக்கொருமுறை வானிலை எழுதிக்கொண்டே இருந்தது. சற்றுமுன் அந்த அடுப்பைத் திட்டினேன், வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

இன்னும் பதில் முழுசாகக் கிடைக்காத ஒரு கேள்வியும் இந்த சென்சாரிடமிருந்து வந்தது. இரவில் காற்றிலிருக்கும் நீராவி உண்மையாகவே குறைகிறது. சதவீதத்தைச் சொல்லவில்லை, மொத்த அளவே குறைகிறது. காலையில் மறுபடி வருகிறது. எங்கே போகிறது? உறைபனியாகத் தரையில் படிகிறது என்றால், கேலில் சில இரவுகளில் அது நடந்திருக்கும் என்று கணக்கு சொல்கிறது, ஆனால் ஒரு மைக்ரோமீட்டர்கூடத் தடிமன் இல்லாத படலம், கேமராவில் விழவில்லை. மண்துகள்களின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்கிறதா, உப்புகள் பிடித்து வைத்துக்கொள்கின்றனவா என்பதுதான் விவாதம். இரவில் மண் மூச்சை உள்ளே இழுத்து, காலையில் வெளியே விடுகிறது போல. அந்த மூச்சின் கனம் கன மீட்டருக்கு மில்லிகிராமில் ஒரு பங்கு.

போன எபிசோடுக்குப் பிறகு ஒருவர் கேட்டிருந்தார், இந்த மாதிரித் தரவையெல்லாம் நாமே பார்க்க முடியுமா என்று. முடியும். நாசா கியூரியாசிட்டியின் வானிலையைப் பொதுவில் வெளியிடுகிறது. செவ்வாய் நாளின் எண், அதிக வெப்பநிலை, குறைந்த வெப்பநிலை, அழுத்தம், சூரிய உதயம், அஸ்தமனம் எல்லாம் இருக்கும். ஒரு தகவல், அங்கே ஒரு நாள் என்பது 24 மணி 39 நிமிடம். அந்தத் தரவுக் கோப்பைத் திறந்தால் ஈரப்பதத்துக்கும் ஒரு இடம் ஒதுக்கியிருப்பார்கள். நான் பார்த்த நாள்களில் எல்லாம் அந்த இடத்தில் எண் இல்லை, இரண்டு சின்னக் கோடுகள் மட்டும். அளக்கவில்லை என்று அர்த்தம் இல்லை. அளந்ததைச் சூடு, தாமதம் எல்லாம் கழித்துச் சரிபார்க்க மாதக்கணக்கில் ஆகும், அதன் பிறகுதான் ஆவணக் காப்பகத்தில் போடுவார்கள். அதுவரைக்கும் கோடுதான்.

என் டப்பாவில் இப்போது மூன்று மீட்டர்கள் இருக்கின்றன. 48, 57, 55.

அடுத்த வாரம் சந்திப்போம்.